மலை ஏறும்போது மக்கர் செய்யும் ஆட்டோமேட்டிக் கார்கள்: கியர்பாக்ஸ் போனால் லட்சக்கணக்கில் செலவு! காரணம் என்ன?

உத்தமபாளையம்:

"கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் போட வேண்டாம், ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தானா போகும்" என்று சொல்லி விற்கப்படும் ஆட்டோமேட்டிக் கார்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் பெருகி விட்டன. வயதானவர்கள், பெண்கள், முழங்கால் வலிக்காரர்கள் என பலருக்கும் இந்த கார்கள் வரப்பிரசாதம்தான். ஆனால் கியர்பாக்ஸ் ஒரு முறை மக்கர் செய்து விட்டால், அதை சரி செய்ய ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் பல வருட சேமிப்பை காலி செய்து விடும்.

குறிப்பாக, செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு ஆட்டோமேட்டிக் கார் வாங்குபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். சாதா கியர் வண்டியில் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பக்கத்து ஒர்க்ஷாப்பிலேயே ஒரு நாளில் மாற்றி விடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்சில் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் வைத்து பார்க்க வேண்டும், உதிரி பாகத்துக்கு காத்திருக்க வேண்டும். சில மாடல்களில் பில் தொகை லட்சத்தையும் தாண்டி விடுகிறது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் காரில் ஏன் இந்த தொல்லை? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மூன்று பக்கமும் மலைப்பாதை

உத்தமபாளையத்தில் இருந்து கேரளாவுக்கு எந்த வழியாக போனாலும் மலை ஏறித்தான் ஆக வேண்டும். கூடலூர், லோயர்கேம்ப் வழியாக குமுளி, கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டு, போடியில் இருந்து போடிமெட்டு என மூன்றுமே வளைந்து வளைந்து ஏறும் சாலைகள். சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு போகும் பாதையும் அப்படித்தான்.

கார்த்திகை பிறந்து விட்டால் சபரிமலைக்கு போகும் அய்யப்ப பக்தர்களின் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். கூட்டம் அதிகமாகும் நாட்களில் வாகனங்களை கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, குமுளி வழியாக திருப்பி விடும் ஒருவழிப்பாதை முறையும் நடைமுறைக்கு வரும். முன்னால் பஸ், பின்னால் லாரி, நடுவில் கார். பத்தடி நகர்ந்து நிற்பது, மறுபடி பத்தடி நகர்வது என்று ஏற்றத்தில் மணிக்கணக்கில் ஊர வேண்டி இருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்சுக்கு இதைவிட பெரிய சோதனை வேறு இல்லை. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓடும்போது வராத கோளாறு, இந்த சில கிலோமீட்டர் ஏற்றத்தில் வந்து விடும். புகை நாற்றம், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு, "அண்ணே, வண்டி முறுக்குது, ஆனா ஏற மாட்டேங்குது" என்று போனில் மெக்கானிக்கிடம் புலம்பல். மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது பழக்கப்பட்ட காட்சிதான்.

ஆட்டோமேட்டிக்கில் 4 வகை

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. இந்திய சாலைகளில் ஓடுவது முக்கியமாக 4 வகை.

முதல் வகை, டார்க் கன்வெர்ட்டர். இரண்டு மேஜை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்த காற்றில் மற்றொன்றும் சுற்றும் அல்லவா? அதே தத்துவம்தான். காற்றுக்கு பதில் ஆயில். என்ஜின் சுற்றும் வேகத்தை ஆயில் மூலம் கியருக்கு கடத்துகிறது. நேரடியாக உரசும் கிளட்ச் இல்லாததால் ஏற்றத்தில் ஊர்ந்து போனாலும் தாக்குப்பிடிக்கும். ஆயில் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, ஏ.எம்.டி. இது சாதா கியர்பாக்ஸ்தான். டிரைவரின் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு சிறிய இயந்திரம் செய்கிறது. அதுவே கிளட்ச் மிதிக்கும், அதுவே கியர் மாற்றும். விலை குறைவு, மைலேஜும் கிடைக்கும். 2014-ம் ஆண்டு மாருதி செலிரியோ காரில் இது இந்தியாவுக்கு முதலில் வந்தது. இத்தாலியின் மேக்னட்டி மரெல்லி கம்பெனி இந்த கருவியை கொடுத்தது. அதன்பிறகு டாடா, ரெனால்ட், ஹூண்டாய் என பல கம்பெனிகளின் சின்ன கார்களிலும் ஏ.எம்.டி. வந்து விட்டது. சாதாரண மக்கள் வாங்கும் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, சி.வி.டி. மாவு மில்லில் பெல்ட்டும் சக்கரமும் சுற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே போல் இரண்டு சக்கரங்கள், நடுவில் ஒரு இரும்பு பெல்ட். சக்கரத்தின் அகலத்தை கூட்டி குறைத்தால் வேகம் மாறும். படி படியான கியர் கிடையாது. ஓட்ட மென்மையாக இருக்கும். ஆனால் பெல்ட் வழுக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது.

நான்காவது, டி.சி.டி. என்ற இரட்டை கிளட்ச் வகை. 1, 3, 5 ஒரு கிளட்சிலும், 2, 4, 6 இன்னொரு கிளட்சிலும் இருக்கும். லோடு ஏற்றும் இடத்தில் ஒருவர் மூட்டையை விடும் முன்பே அடுத்தவர் தோள் கொடுப்பது போல, ஒரு கியர் விடும்போதே அடுத்தது தயாராக இருக்கும். வேகம் அபாரம். ஆனால் ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் என்றால், ஊர்ந்து போகும் டிராபிக்கில் சூடாகி விடும். உலக அளவில் அதிகம் பிரச்சினை கிளப்பியது இந்த வகைதான்.

4 கியரில் இருந்து 10 கியர் வரை

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்சில் 4 கியர்கள் இருந்தன. பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் ஆட்டோமேட்டிக் அதுதான். அதன்பிறகு பல வருடங்களுக்கு 3 அல்லது 4 கியர்தான் வழக்கம். அந்த கால கியர்பாக்ஸ்கள் பெட்ரோலை குடித்தாலும், அமைப்பு எளிமையாக இருந்ததால் நீண்ட காலம் உழைத்தன.

2000-ம் ஆண்டுக்கு பிறகு நிலைமை மாறியது. புகை கட்டுப்பாடு கடுமையானது. மைலேஜ் அதிகம் கேட்டார்கள். கியர் எண்ணிக்கை அதிகமானால் என்ஜினை எப்போதும் குறைந்த பெட்ரோல் குடிக்கும் சுற்றிலேயே வைத்திருக்கலாம். எனவே கம்பெனிகள் போட்டி போட்டன. 2001-ல் 6 கியர், 2003-ல் 7, 2006-ல் 8, 2013-ல் 9, அடுத்த சில வருடங்களில் 10 கியர் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

கியர் கூடினால் உள்ளே இருக்கும் கிளட்ச், வால்வு, சென்சார், வயர் எல்லாம் கூடும். அத்தனையையும் பழைய பெட்டியின் அளவுக்குள்ளேயே அடைக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த கியர் என்று முடிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அந்த கம்ப்யூட்டரின் புரோகிராமில் சிறு குழப்பம் இருந்தாலும் வண்டி குலுங்கும், தயங்கும், திடீரென்று பாயும். எங்கே எல்லாம் பாகம் கூடுகிறதோ அங்கே எல்லாம் கோளாறுக்கும் ஒரு வழி திறக்கிறது.

மறைமலைநகரில் தயாரான கார்

தமிழ்நாட்டுக்கு நேரடி தொடர்புள்ள உதாரணம் போர்டு கம்பெனியின் பவர்ஷிப்ட் கியர்பாக்ஸ். 6 கியர், உலர்ந்த இரட்டை கிளட்ச். அமெரிக்கா, ஆஸ்திரேலியா உள்பட பல நாடுகளில் பியஸ்டா, போகஸ் கார்களில் இதை பொருத்தினார்கள். சென்னை அருகே மறைமலைநகர் தொழிற்சாலையில் தயாரான பியஸ்டா காரில் 2012-ம் ஆண்டிலும், ஈகோஸ்போர்ட் காரில் 2013-ம் ஆண்டிலும் 6 கியர் பவர்ஷிப்ட் ஆட்டோமேட்டிக் விற்பனைக்கு வந்தது.

வெளிநாடுகளில் புகார்கள் குவிந்தன. சிக்னலில் இருந்து கிளம்பும்போது கார் நடுங்குகிறது, ஓடும்போதே இழுவை போய் விடுகிறது, கியர் விழ மறுக்கிறது என்று வாடிக்கையாளர்கள் கொந்தளித்தனர். உள்ளே இருந்த சீல் வழியாக ஆயில் கசிந்து உலர்ந்த கிளட்சில் பட்டது ஒரு காரணம். கியர்பாக்சை கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பழுதானது இன்னொரு காரணம்.

ஆஸ்திரேலியாவில் இது கோர்ட்டு வரை போனது. சுமார் 70 ஆயிரம் கார்களில் இந்த கியர்பாக்ஸ் இருந்தது. கோளாறு இருப்பது தெரிந்திருந்தும், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று வாடிக்கையாளர்கள் மீதே பழி போட்டது வழக்கில் வெளியே வந்தது. 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த நாட்டு கோர்ட்டு, போர்டு ஆஸ்திரேலியா கம்பெனிக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் பியஸ்டா, போகஸ் கார்கள் தொடர்பான கூட்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதற்கு 2020-ம் ஆண்டு கோர்ட்டு ஒப்புதல் கொடுத்தது.

இந்தியாவில் 2017-ம் ஆண்டு நவம்பரில் புதிய ஈகோஸ்போர்ட் வந்தபோது, இரட்டை கிளட்ச் கியர்பாக்சை எடுத்து விட்டு, பழைய நம்பிக்கையான டார்க் கன்வெர்ட்டர் வகையை பொருத்தினார்கள். 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த போர்டு, 2022-ல் மறைமலைநகர் உற்பத்தியை முடித்துக்கொண்டது. பழைய கார்கள் மட்டும் இன்னமும் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கை மாறிக்கொண்டு இருக்கின்றன. வாங்குபவர் எந்த வருட மாடல், எந்த வகை கியர்பாக்ஸ் என்று பார்த்து வாங்குவது அவசியம்.

ஆயிலை மாற்ற 16 லட்சம் கார்கள்

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கம்பெனிக்கும் இதே தலைவலி வந்தது. அதன் 7 கியர் டி.எஸ்.ஜி. கியர்பாக்சும் உலர்ந்த இரட்டை கிளட்ச் வகைதான். 2013-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி சீன அரசு டி.வி.யின் நுகர்வோர் தின நிகழ்ச்சியில் இந்த கோளாறு ஒளிபரப்பாகி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. சில நாட்களிலேயே சீனாவில் 3 லட்சத்து 84 ஆயிரத்து 181 கார்களை திரும்ப அழைப்பதாக கம்பெனி அறிவித்தது.

அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுவதும் 16 லட்சம் கார்களை அழைத்து கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றியது. காரணம்தான் கவனிக்க வேண்டியது. வெயிலும் ஈரப்பதமும் அதிகமுள்ள நாடுகளில், நின்று நின்று போகும் டிராபிக்கில், செயற்கை ஆயிலால் மின் இணைப்பில் ஷார்ட் சர்க்யூட் ஏற்படலாம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு பதில் மினரல் ஆயில் ஊற்றப்பட்டது. குளிர் நாட்டில் ஒழுங்காக ஓடும் வண்டி, வெயில் நாட்டில் தகராறு செய்வதற்கு இது நல்ல உதாரணம்.

9, 10 கியருக்கும் தப்பவில்லை

ஜெர்மனியின் இசட்.எப். கம்பெனி தயாரித்த 9 கியர் ஆட்டோமேட்டிக்கை ஜீப் செரோகி காரில் பொருத்தியபோது, கியர் மாறுவது சரியாக இல்லாததால் 2013-ல் காரின் வினியோகமே தள்ளிப்போனது. பின்னர் பல முறை புரோகிராமை மாற்ற வேண்டி வந்தது. 2016-ம் ஆண்டு, உள்ளே இருந்த வயர் இணைப்பு சரியாக அழுத்தப்படாததால் ஓடும்போதே நியூட்ரலுக்கு போய் விடும் ஆபத்து இருப்பதாக 5 லட்சம் வாகனங்கள் வரை திரும்ப அழைக்கப்பட்டன.

2024-ம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான டீசல் வாகனங்களை திரும்ப அழைத்தது. 10 கியர் கொண்ட அவற்றில், ஒரு வால்வு தேய்ந்தால் பின் சக்கரங்கள் திடீரென பூட்டிக்கொள்ளலாம் என்பதே காரணம். ஓடும் வண்டியில் சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில், ஸ்ரீபெரும்புதூர் அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாய் 7 ஆயிரத்து 698 கிரெட்டா, வெர்னா கார்களை திரும்ப அழைத்தது. சி.வி.டி. கியர்பாக்சுக்கு ஆயில் அனுப்பும் மின்சார பம்பின் கட்டுப்பாட்டு கருவியில் குறை இருக்கலாம் என்று தெரிந்ததே காரணம். இதே காரணத்துக்காக கியா கம்பெனியும் 4 ஆயிரத்து 358 செல்டோஸ் கார்களை அழைத்தது. குறையை கம்பெனியே கண்டுபிடித்து இலவசமாக சரி செய்து கொடுப்பது நல்ல விஷயம்தான். தகவல் தெரியாமல் காரை கொண்டு போகாதவர்களுக்குத்தான் ஆபத்து.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது?

ஏ.எம்.டி., டி.சி.டி. கார்களை ஏற்றத்தில் நிறுத்தும்போது பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டி பின்னால் போகாமல் பிடித்து வைப்பது. சாதா வண்டியில் அரை கிளட்சில் நிறுத்துவது போலத்தான் இது. உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் உரசிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் சூடு ஏறி, கருகிய நாற்றம் வந்து விடும்.

நவீன கார்களில் சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டரே இழுவையை துண்டித்து விடும். வண்டி கெட்டு விட்டது என்று பயந்து போவார்கள். ஆற விட்டால் சில நேரம் தானாகவே சரியாகி விடும். ஆனால் மறுபடி மறுபடி இப்படி சூடானால் கிளட்ச் ஆயுள் பாதியாகி விடும்.

இறக்கத்தில் வேறு தவறு. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி விடுகிறார்கள். என்ஜின் பிடிப்பு இல்லாமல் முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகி பிடிக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து. கியர்பாக்சுக்கும் நல்லதல்ல. மலை இறங்கும்போது 'எம்' அல்லது 'எல்' நிலையில் வைத்து 2-வது, 3-வது கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

"ஆயுள் முழுக்க ஆயில்" உண்மையா?

பல கார்களின் கையேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுள் முழுக்க" போதும், மாற்ற வேண்டாம் என்று இருக்கும். யாருடைய ஆயுள் என்பதுதான் கேள்வி. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எப். கம்பெனியே தனது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்ற பரிந்துரை செய்கிறது. கடும் வெயில், மலைப்பாதை, அதிக பாரம் என்றால் இன்னும் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

ஆயில்தான் இந்த கியர்பாக்சுக்கு ரத்தம். அதுவே கியரை மாற்றும் அழுத்தத்தை கொடுக்கிறது, அதுவே குளிர வைக்கிறது, அதுவே தேய்மானத்தை தடுக்கிறது. சூட்டில் ஆயில் கருகினால் மூன்று வேலையும் கெடும். அதே நேரத்தில் கண்ட ஆயிலை ஊற்றக்கூடாது. சி.வி.டி.க்கு ஒரு ஆயில், டார்க் கன்வெர்ட்டருக்கு ஒரு ஆயில், இரட்டை கிளட்சுக்கு வேறு ஆயில். மாற்றி ஊற்றினால் நல்ல கியர்பாக்சும் நாசமாகி விடும்.

பேட்டரியும் வில்லன்

ஏ.எம்.டி. காரில் திடீரென்று கியர் விழவில்லை, 'என்' என்ற எழுத்து மட்டும் மின்னுகிறது என்றால் உடனே கியர்பாக்ஸ் போச்சு என்று பதற வேண்டாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இப்படி ஆகும். கியர் மாற்றும் கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் போதிய மின்சாரம் கிடைக்காததே காரணம். பேட்டரி, அதன் முனையில் பூத்திருக்கும் துரு, பிரேக் லைட் சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பார்க்க சொல்ல வேண்டும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு கியர்பாக்சையே கழற்றி விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

வழியில் நின்று விட்டால்...

ஆட்டோமேட்டிக் காரை தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதும் பெரிய தவறு. டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் என்ஜின் ஓடினால்தான் ஆயில் பம்ப் ஓடும். என்ஜின் நின்ற நிலையில் சக்கரம் சுற்றினால் ஆயில் இல்லாமல் உள்ளே உரசி பாழாகும். சின்ன கோளாறோடு நின்ற வண்டி, இழுத்து வந்ததால் பெரிய கோளாறாகி விடும்.

முன் சக்கர இழுவை உள்ள காராக இருந்தால் முன் சக்கரங்களை தூக்கி வைத்து இழுக்க வேண்டும். நாலு சக்கரமும் தரையில் படாமல் மேலே ஏற்றி கொண்டு போகும் ரெக்கவரி வண்டி என்றால் இன்னும் நல்லது. இன்சூரன்ஸ் போடும்போதே, வழியில் நின்றால் வண்டி அனுப்பும் வசதி அதில் இருக்கிறதா, மலைப்பாதைக்கும் வருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிரைவர்கள் கவனிக்க வேண்டியவை

* ஏற்றத்தில் நின்றால் பிரேக் அல்லது ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரில் பிடித்து வைக்காதீர்கள்.

* முன் வண்டியை ஒட்டி ஊராதீர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, இடம் கிடைத்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

* வண்டி முழுமையாக நின்ற பிறகே 'டி'யில் இருந்து 'ஆர்'க்கு மாற்றுங்கள்.

* சரிவில் 'பி' இருக்கும் காரை நிறுத்தும்போது, பிரேக்கை மிதித்தபடி 'என்' போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை மெதுவாக எடுத்து பார்த்து விட்டு, மறுபடி பிரேக்கை மிதித்து 'பி' போடுங்கள். இல்லாவிட்டால் காரின் முழு பாரமும் கியர்பாக்சுக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கி மேல் விழும்.

* சூடு எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி ஆற விடுங்கள். "இன்னும் ரெண்டு வளைவுதானே" என்று மிதிக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் உஷார்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்க போகிறவர்கள், காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் பார்க்க வேண்டும். விற்பவர் ஏற்கனவே ஓட்டி சூடாக்கி வைத்திருந்தால் சில கோளாறுகள் மறைந்து விடும். 'டி' போட்டதும் எவ்வளவு நேரத்தில் வண்டி நகருகிறது, 'ஆர்' போட்டால் இடி போல் சத்தம் வருகிறதா, கிளம்பும்போது நடுக்கம் இருக்கிறதா, என்ஜின் முறுக்கியும் வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

அதன்பிறகு அரை மணி நேரமாவது ஓட்டி, டிராபிக்கிலும் ஏற்றத்திலும் சோதிக்க வேண்டும். சமதளத்தில் ரெண்டு ரவுண்டு போய் விட்டு அட்வான்ஸ் கொடுத்து விடக்கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரை கொடுத்து பழைய சர்வீஸ் விவரத்தையும், திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதும் பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்கலாம். கம்ப்யூட்டர் ஸ்கேன் செய்ய ஆகும் சிறு செலவுக்கு கணக்கு பார்த்தால், பின்னால் பெரும் தொகைக்கு கணக்கு பார்க்க வேண்டி வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தின்படி, பாதுகாப்பு குறை உள்ள வாகனங்களை திரும்ப அழைக்கும்படி கம்பெனிகளுக்கு மத்திய அரசு உத்தரவிட முடியும். இதற்கான விதிகள் 2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் உள்ளன. 7 வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். கட்டாயத்தின் பேரில் அழைக்க நேர்ந்தால் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஒரே மாடலில் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும். எனவே பாதிக்கப்பட்டவர்கள் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் புகார் பதிவு செய்வது முக்கியம். வீட்டுக்குள் புலம்பினால் அது கணக்கில் வராது.

வாரண்டி இருந்தும் சரி செய்து கொடுக்காமல் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் தேனியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400 மட்டுமே கட்டணம். பிரச்சினை ஏற்பட்ட 2 வருடத்துக்குள் வழக்கு தொடர வேண்டும். வக்கீல் வைத்தும் நடத்தலாம், தானே ஆஜராகியும் வாதாடலாம்.

இதற்கெல்லாம் தேவை காகிதம். ஒவ்வொரு முறை சர்வீசுக்கு விடும்போதும், என்ன கோளாறு என்று ஜாப் கார்டில் எழுத சொல்லி நகல் வாங்க வேண்டும். "வாயில சொல்லிட்டேன், பாத்துக்கறேன்னு சொன்னாங்க" என்பது ஆணையத்தில் எடுபடாது. வண்டி நடுங்குவதை செல்போனில் தேதியுடன் வீடியோ எடுத்து வைப்பதும் கைகொடுக்கும்.

எல்லாமே மோசமா?

அப்படி இல்லை. ஒழுங்காக ஆயில் மாற்றி, முறையாக ஓட்டப்படும் ஆட்டோமேட்டிக் கார்கள் லட்சம் கிலோமீட்டரை தாண்டியும் நன்றாக ஓடுகின்றன. 8 கியர் டார்க் கன்வெர்ட்டர் வகையில் உலகம் முழுவதும் நல்ல பெயர் வாங்கியவை உண்டு. எனவே கியர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று முடிவு செய்ய முடியாது. எந்த வகை, எப்படி குளிர வைக்கப்படுகிறது, பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மாதத்தில் பாதி நாள் மலை ஏறி இறங்குபவர்களுக்கும், வாடகைக்கு ஓட்டி பிழைப்பவர்களுக்கும் ஒரு நாள் வண்டி நின்றாலும் வருமானம் போய் விடும். மாத தவணை மட்டும் நிற்காது. அவர்கள் உலர்ந்த இரட்டை கிளட்ச் வகையை வாங்கும் முன் நன்றாக யோசிப்பது நல்லது. டவுனுக்குள் ஓட்டுபவர்களுக்கு ஏ.எம்.டி. போதும்.

அடுத்த கார்த்திகைக்கு மாலை போட்டவர்களின் கார்கள் லோயர்கேம்பையும் கம்பத்தையும் தாண்டி ஏறப்போகின்றன. புறப்படும் முன் டயரையும் பிரேக்கையும் பார்ப்பது போல, கியர்பாக்ஸ் ஆயிலையும் பேட்டரியையும் ஒரு முறை பார்த்து விட்டால், நடு ஏற்றத்தில் குடும்பத்தோடு நின்று தவிக்கும் நிலையை பெரும்பாலும் தவிர்த்து விடலாம்.